புறப்பட்ட நேரம்

"வெள்ளிமலை பஸ்ஸு போய்ட்டுதாண்ணா?" என்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் யாராவது கேட்டால், போய்விட்டது என்றோ போகவில்லை என்றோ அவர் சொல்லமாட்டார். "நான் வந்து ரெண்டு டீ குடிச்சிருக்கேன். அதுக்குள்ள போவல. அதுக்கு முன்னாடி இன்னான்னு எனக்குத் தெரியாது" என்பார். கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக நிற்கும் பெண், இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அடுத்த ஆளிடம் போவாள். அடுத்த ஆள், "இப்பதாம்மா போச்சு" என்று அடித்துச் சொல்வார். ஐந்து நிமிஷத்தில் பஸ் வரும்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஒருமுறை அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அது போதும்.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலம் அது. சிறிய அறிவியல் மன்றம் ஒன்று ஜீப்பில் ஊர் ஊராகப் போய் ஸ்லைடு காட்டிக்கொண்டிருந்தது. கருவிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள், சேர்ந்தேன். எட்டு மாதம் போனேன். ஜீப்பில் நாங்கள் மூன்று பேர். பேசுவதற்கு ஒரு இயற்பியல் விரிவுரையாளர். அவரை சார் என்போம். ஓட்டுவதற்கு இவர். ப்ரொஜக்டர், ஜெனரேட்டர், திரை, ஸ்லைடு பெட்டி, லாக் புக் ஆகிய ஐந்தும் என் பொறுப்பு. நிகழ்ச்சிக்கு 'பிரபஞ்சம் எப்படித் தோன்றியது?' என்று தலைப்பு. கல்வராயன் மலையில் எந்த ஊரில் தங்கினாலும் அங்கே நர்ஸ் இருந்தால் அவர் வீட்டில்தான் நான் படுக்கவேண்டும் என்பது என் அம்மா போட்ட நிபந்தனை.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். வீடு கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில். ஜீப்பில் பெட்ரோல் காட்டும் முள் நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் காலையில் மூடியைத் திறந்து குச்சி விட்டு, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்புவார். டயருக்குக் காற்று அடித்தாயிற்று என்று கடைப்பையன் சொன்னால், "சரி" என்று தலையாட்டிவிட்டு நான்கு டயரையும் சுற்றி வந்து ஒவ்வொன்றாக உதைப்பார். அந்தப் பையனுக்குக் கோபம் வரும். "நான் இன்னா பொய்யா சொல்றேன்?" என்பான். "நீ பொய் சொல்லல. நான் பாக்கல" என்பார்.

நிகழ்ச்சியின்போது கூட்டத்துக்குப் பின்னால், ப்ரொஜக்டரை ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வேறு டிரைவராக இருந்தால் வண்டியில் தூங்கியிருப்பார். இவர் ஒரே பேச்சை ஒரு நாளும் விடாமல் கேட்டார்.

சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். கரியாலூர் பக்கம் ஏறிக்கொண்டிருந்தோம்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுய்யா."

"எல்லாம் ஒரே புள்ளியிலேர்ந்து கெளம்பிச்சு, ஆயிரத்தைநூறு கோடி வருசம் ஆச்சுன்றீங்க. யாரு சார் பாத்தது?"

"யாரும் பாக்கலய்யா. அது கணக்கு." சார் பின்சீட்டிலிருந்து முன்னால் நகர்ந்து வந்தார். "ஒரு லாரி இங்கேருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி ஓடிட்டிருக்கு. வேகம் மணிக்கு முப்பது. எப்ப கெளம்பியிருக்கும்?"

"ரெண்டு மணி நேரம் மின்னாடி."

"அவ்வளவுதான். நட்சத்திரக் கூட்டம் எல்லாம் நம்மை விட்டு ஓடுது. எவ்வளவு தூரத்தில இருக்கு, எவ்வளவு வேகமா ஓடுதுன்னு தெரியும். வகுத்தா, கெளம்பின நேரம் வந்துடும்."

இரண்டு வளைவு தாண்டியது. மூன்றாவது வளைவில் கியரை மாற்றிக்கொண்டே, "எந்த டிரைவர் சார் கெளம்பினதுலேர்ந்து ஒரே வேகத்துல போவான்?" என்று கேட்டார். "இந்த ஏத்தத்துல நானு செகண்டுல முக்கிக்கினு இருக்கேன். அடிவாரத்துல பறந்துக்கினு வந்தேன். இப்ப இருக்கற வேகத்த வெச்சு நீங்க வகுத்தீங்கன்னா, நான் நேத்தே கெளம்பினேன்னு வரும்."

சார் வெகுநேரம் சிரித்தார். பிறகு, உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்கள் சண்டை போட்டுக்கொள்வதே அந்த இடத்தில்தான் என்றார். ஈர்ப்பு விசை ஓட்டத்தைப் பிடித்து இழுத்திருக்கும். முதலில் வேகம் அதிகமாக இருந்திருக்கும். அப்படியானால் வயது குறையும். அன்றிலிருந்து சாரின் பேச்சில், 'ஒரே வேகத்தில் ஓடியிருந்தால்' என்ற இரண்டு விநாடித் தொடர் சேர்ந்தது. என் நோட்டில் 'பேச்சில் திருத்தம்: ஒன்று' என்று தேதி போட்டு எழுதினேன். எனக்கு எல்லாவற்றையும் எண் போட்டு எழுதிவைக்கும் பழக்கம் உண்டு.

அவருக்குத் தொடக்கம் என்பதே இல்லாத பிரபஞ்சம்தான் முதலில் பிடித்திருந்தது. அது எப்போதும் இப்படியே இருந்தது, விரிய விரியப் புதுப் பொருள் பிறந்து இடைவெளியை நிரப்பியது என்று ஒரு காலத்தில் சிலர் சொன்னார்கள். பதினொன்றாவது ஸ்லைடு அது. "இது தேவல சார். யாரு பாத்தாங்கன்னு கேக்கவே வாணாம்" என்றார். அந்தக் கருத்து ஏன் விழுந்தது என்று சார் சொன்னபோது அவருக்கு வருத்தம்தான். ஆனால் அது விழுந்த கதை அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பெரிய ஆன்டெனா ஒன்றில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே இரைச்சல் கேட்டது. அதை வைத்திருந்த இருவரும் கோளாறு என்று நினைத்து, உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தைச் சுரண்டிக் கழுவிவிட்டு மறுபடி கேட்டார்கள். இரைச்சல் போகவில்லை. ஆரம்ப காலத்து வெப்பத்தின் மிச்சம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

"எச்சத்த கழுவிப் பாத்துட்டு அப்புறம் சொன்னாங்களா?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். "அதான் சார் வேலை."

ஒரு ஊரில் கடுக்காய் பொறுக்கும் ஒருவர் எழுந்து, "அது வெடிச்ச எடம் எந்தப் பக்கம்? அங்க இப்ப இன்னா இருக்குது?" என்று கேட்டார். எல்லா இடத்திலும்தான் வெடித்தது என்று சார் விளக்கப்பார்த்தார். யாருக்கும் புரியவில்லை. பின்னாலிருந்து இவர், "எல்லாரும் எழுந்திருங்க. நெருக்கமா நில்லுங்க. இப்ப பக்கத்து ஆளுக்கு ஒரு கை தூரம் தள்ளி நில்லுங்க" என்றார். பள்ளிக்கூட மைதானம் முழுக்க மக்கள் தள்ளுமுள்ளாக விலகினார்கள். வேலியில் போய் முட்டியவர்கள் சிரித்தார்கள். "யாரை விட்டு எல்லாரும் தள்ளிப் போனாங்க?" என்று கேட்டார். "என்னை வுட்டு" என்று நாலைந்து இடத்திலிருந்து குரல் வந்தது. "நடுவுல நின்னது யாரு?" யாரும் பேசவில்லை. "அவ்ளோதான்" என்றார். சார் அன்று ஜீப்பில் அவருக்குத் தன் பிஸ்கட் பாக்கெட்டை முழுசாகக் கொடுத்துவிட்டார்.

பார்த்ததைத் தவிர வேறு எதையும் அவர் ஏற்கவே மாட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாத பாரம் இருக்கிறது, நட்சத்திரக் கூட்டங்கள் சுழலும் விதத்தை வைத்து அதை அறிகிறார்கள் என்று சார் சொன்னபோது, உடனே ஒத்துக்கொண்டார். "பின்னால திரும்பாமயே எத்தினி பேரு ஏறியிருக்கான்னு வண்டி இழுக்கறதுல தெரியும் சார். ஆனா எத்தினி பேருன்னுதான் சொல்லுவேன். யாருன்னு சொல்லமாட்டேன்." இந்த வாக்கியத்தையும் எழுதிவைத்திருக்கிறேன். எழுதிவைத்ததால் மட்டும் என்ன ஆயிற்று?

கடைசி மூன்று ஸ்லைடுகள் பிரபஞ்சத்தின் முடிவு பற்றியவை. அதன் மொத்த எடை எவ்வளவு என்பதைப் பொறுத்து மூன்றில் ஒன்று நடக்கும். முப்பத்தாறில் அது என்றென்றும் விரிந்து குளிர்ந்துபோகும். முப்பத்தேழில் மெதுவாகி, நிற்கிற மாதிரியே போய்க்கொண்டிருக்கும். முப்பத்தெட்டில் விரிவு நின்று, திரும்பச் சுருங்கி, ஒரே புள்ளியாகி, மறுபடி வெடித்துப் புதிதாகத் தொடங்கும். இந்தக் கடைசி ஸ்லைடுக்கு எல்லா ஊரிலும் கைதட்டல் உண்டு. யுகம், பிரளயம் என்று கேட்டு வளர்ந்தவர்கள்; தெரிந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி அவர்களுக்கு இருக்கும். கைதட்டல் வருவதால் சாரும் அதில் நின்று பேசுவார்.

"இன்ஜினியரம்மா, முப்பத்தெட்ட ஜாஸ்தி நேரம் வுடாதீங்க. மூணுக்கும் சமமா வுடுங்க" என்றார் என்னிடம்.

"சாருக்கு அதுதாண்ணா புடிச்சிருக்கு."

"புடிச்சா ஆச்சா? எடை போட்டு முடிக்கல, எது நடக்கும்னு தெரியலன்னு அவுரே சொல்றாரு. நீங்க அத மட்டும் எரிய வுட்டுக்கினு இருந்தா, அதான் நடக்கும்னு ஜனங்க வூட்டுக்குப் போவாங்க." பிறகு சிரித்துக்கொண்டே, "அது நடக்கவும் வாணாம்மா. எல்லாம் திரும்பி மொதல்லேர்ந்துன்னா இந்த வண்டிக்கு கிளட்ச் பிளேட்டும் நாந்தான மாத்தணும்?" என்றார்.

அதன்பின் கைக்கடிகாரத்தைப் பார்த்து மூன்றுக்கும் தலா நாற்பது விநாடி விட்டேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கிறது. அவர் சொன்னதில் நான் ஒழுங்காகச் செய்தது இது ஒன்றுதான்.

லாக் புக்கில் ஆறு கட்டங்கள்: தேதி, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், புறப்படும்போது கிலோமீட்டர், திரும்பும்போது கிலோமீட்டர், காரணம். கிலோமீட்டரை வண்டியில் பார்த்துக்கொள்ளலாம். நேரத்தை டிரைவர் சொல்லவேண்டும். நான் இல்லாதபோது அவர் மட்டும் எங்காவது போய்வந்தால், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று கேட்பேன். "கெடியாரம் பாக்கலம்மா" என்பார். ஏறக்குறைய? "ஏறக்குறையன்னா நீங்க எழுதினதும் அது சரியாய்டும்." கட்டம் காலியாக இருக்கும். எனக்குக் காலிக் கட்டத்தைப் பார்த்தால் பல்லில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். அதனால் நானே போட ஆரம்பித்தேன். போன தூரத்தை மலையில் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரால் வகுப்பேன். வேலைக்காக நின்ற நேரம் என்று ஒரு மணியோ அரை மணியோ கூட்டுவேன். திரும்பிய நேரத்திலிருந்து கழிப்பேன். புறப்பட்ட நேரம் கிடைத்துவிடும்.

ஒருநாள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டார்.

"நீங்க பாக்காத டைம எழுதறீங்க."

"ஆடிட்டுக்குக் கட்டம் காலியா இருக்கக்கூடாதுண்ணா."

"தெரியலன்னா தெரியலன்னு எழுதுங்க. அதுக்கும் அந்தக் கட்டத்துல எடம் இருக்குது."

நான் சிரித்தேன். லாரி உதாரணத்தைக் கேட்டு அதே ஜீப்பில் உட்கார்ந்து சிரித்தவள்தான் நானும். அந்த வகுத்தலும் இந்த வகுத்தலும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மாவட்டம் முழுக்க மூண்டிருந்த சமயம். வேலையிலும் படிப்பிலும் தங்களுக்குரிய பங்கு வேண்டும் என்று கேட்டவர்கள் சாலையில் இறங்கியிருந்தார்கள். மரங்கள் குறுக்கே விழுந்தன, பாலங்களை ஒட்டிப் பள்ளம் தோண்டப்பட்டது, போலீஸ் லாரிகள் சுற்றின. டீக்கடையில் யார் எத்தனை சதவீதம் என்று சண்டை. இவரையும் இழுப்பார்கள். "நீ இன்னாய்யா சொல்ற? நாங்க எத்தினி பேரு இருக்கோம்னு நெனைக்கற?" என்று ஒருவர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். "எண்ணட்டும். எல்லாரையும் எண்ணட்டும். எண்ணாம நான் எப்பிடி சொல்றது?" என்றார். மறு தரப்புக்காரர், "பாரு, அவன் பக்கம் பேசறான்" என்றார். முதலில் கேட்டவர், "பாரு, மழுப்பறான்" என்றார்.

அப்போது ஒருநாள் சாயந்திரம் வெள்ளிமலையைத் தாண்டிய ஒரு ஊரில் நிகழ்ச்சி. அந்த ஊர் நர்ஸ் அக்கா வீட்டில் எனக்குப் படுக்கை. ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் பத்தாது என்று பிற்பகலில்தான் தெரிந்தது. அடிவாரத்துக்குப் போய் வாங்கிவர அவர் கிளம்பினார். நான் பள்ளிக்கூடத்துக்குள்ளே பெஞ்சின் மேல் ஏறித் திரை கட்டிக்கொண்டிருந்தேன். வண்டி போகும் சத்தம் கேட்டது. மணி பார்க்கவில்லை.

சரியாக ஐந்து மணிக்குத் திரும்பினார், அதைப் பார்த்தேன். பெட்ரோல் இல்லை. வண்டி நிறையப் பெண்களும் குழந்தைகளும் இறங்கினார்கள். பதினோரு கிலோமீட்டர் கீழே ஒரு வளைவில் நாவல் மரம் குறுக்கே கிடக்கிறது, மேலே வந்த பஸ் அதற்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது, அதில் வந்தவர்கள் இவர்கள் என்றார். பக்கத்தில் மரம் வெட்டுபவர்களின் குடிசையிலிருந்து ரம்பம் வாங்கி ஓரத்துக் கிளைகளை அறுத்து, ஆள் நுழைய வழி செய்து இந்தப் பக்கம் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். சட்டை முழுக்க மரத்தூள். நான் கிலோமீட்டரைப் பார்த்தேன். இருபத்திரண்டு. பதினைந்தால் வகுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அறுத்ததற்கு ஒரு மணி நேரம். ஐந்திலிருந்து கழித்து, புறப்பட்ட நேரம் 2.30 என்று எழுதினேன். அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. கேட்டால் கெடியாரம் பாக்கலம்மா என்பார் என்று எனக்கே தெரியும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை போலீஸ் ஜீப் வந்தது. எங்கள் மூவரையும் அடிவாரத்து ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனார்கள். பஸ் பயணிகள் சொன்னது சுருக்கமானது. மரம் கிடந்தது, அந்தப் பக்கம் ஒருவர் கையில் ரம்பத்தோடு நின்றார். கீழே இறங்கிய பஸ்ஸின் கண்டக்டர், மூன்று மணிக்கு அந்த வளைவைத் தாண்டும்போது வழி சரியாக இருந்தது என்று சொல்லியிருந்தார். மேலே போன பஸ் மூன்றே முக்காலுக்கு நின்றது. இடையில் முக்கால் மணி நேரம்.

"ஆளுங்கள கூட்டிக்கினு போனது நீதான? யார் யாருன்னு சொல்லிடு, உன்ன வுட்டுடறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் போவும்போதே மரம் கெடந்துச்சு சார். ஆளுங்கள நான் பாக்கல."

"ஓடினவங்கள பாத்திருப்ப."

"காட்டுக்குள்ள சத்தம் கேட்டுச்சு. ஆளுன்னும் சொல்லலாம், மாடுன்னும் சொல்லலாம்."

எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "எத்தினி மணிக்குக் கெளம்பின?"

"மணி பாக்கல சார். நர்ஸம்மா மருந்து சீட்டு குடுத்தாங்க. அதுக்கப்புறம் கெளம்பினேன்."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். மேஜையில் லாக் புக் இருந்தது. மூன்று மணிக்குப் பிறகு கிளம்பியிருந்தால், இறக்கத்தில் எவ்வளவு வேகமாகப் போனாலும் அவர் போய்ச் சேர மூன்றரை ஆகியிருக்கும். பஸ் வருவதற்குள் இருக்கும் கால் மணி நேரத்தில் அந்த மரத்தை யாராலும் சாய்க்க முடியாது. இரண்டரைக்குக் கிளம்பியிருந்தால், மரம் விழும்போது அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். எல்லாம் அந்த ஒரு கட்டத்தில் இருந்தது.

"ரெண்டரைன்னு எழுதியிருக்க. வண்டி கெளம்பினத நீ பாத்தியாம்மா?"

"அவங்க உள்ள ஸ்க்ரீன் கட்டிக்கினு இருந்தாங்க சார்" என்றார் அவர்.

"உன்ன கேக்கல."

அவர் எனக்கு வழி விட்டுக் கொடுத்தார். இல்லை, பார்க்கவில்லை, கணக்குப் போட்டு எழுதினேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒன்றைச் சொன்னால் எட்டு மாதத்துக் கட்டங்களையும் சொல்லவேண்டியிருக்கும். என் கையெழுத்து அழகாக இருந்தது. அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லாத புத்தகம்.

"லாக் புக்ல இருக்கு சார்" என்றேன்.

பொய் இல்லை. லாக் புக்கில்தான் இருந்தது. லாக் புக்கின்படி ஜீப்பை இன்னார் பிற்பகல் 2.30க்கு எடுத்துச் சென்றார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜைக்கு மேலே சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து, அவர் சிறையில் இருக்க, விட்டுவந்த சாமான்களை எடுக்க சாரோடு மலைக்குப் போனேன். நர்ஸ் அக்கா தேநீர் போட்டுக்கொண்டே, "அவரு மூணு மணிக்கு மேலதான போனாரு? மூணு மணி ஊசி போட்டுட்டு வந்துதான் நான் சீட்டு எழுதிக் குடுத்தேன்" என்றார். ரிஜிஸ்டரைக் காட்டினார். நேரம் எழுதியிருந்தது. ஊசி போட்ட கையோடு, பார்த்து எழுதிய நேரம். "என்னை ஒருத்தரும் வந்து கேக்கலடி. நீ போய்ச் சொல்லிடு" என்றார்.

சொல்லிவிடுகிறேன் என்றேன். சாரிடம் கேட்டேன். சார் நல்லவர்; ஆனால் பயந்தவர். "இப்ப மாத்தினா லாக் புக் மொத்தமும் பொய்னு ஆயிடும்மா. மன்றத்தையும் சேத்து இழுப்பாங்க. உனக்கு அனுபவச் சான்றிதழ் யாரு தருவாங்க? எப்படியும் ஜாமீன்ல விட்டுடுவாங்க, பொறு" என்றார்.

அன்று என் நோட்டில் ஒரு பட்டியல் எழுதினேன். இன்னும் இருக்கிறது. ஒன்று: ஓசூரில் நேர்முகத் தேர்வு, பதினெட்டாம் தேதி. இரண்டு: சான்றிதழ். மூன்று: அம்மாவுக்குத் தெரிந்தால். நான்கு: நர்ஸ் அக்காவே சொல்லலாம். ஐந்து: எப்படியும் ஜாமீன். எல்லாம் என் பக்கத்துக் காரணங்கள். ஐந்தில் ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

நர்ஸ் அக்கா சொன்னதையெல்லாம் இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதமாக எழுதி நோட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். ஓசூரில் வேலை கிடைத்தது. அதில் சேர்ந்த பிறகுதான், நர்ஸ் அக்கா சொல்லி நாற்பது நாள் கழித்து, கடிதத்தைத் தபாலில் போட்டேன். அது எந்தக் கோப்பில் சேர்ந்ததோ தெரியாது. அதற்கு முந்தின வாரம்தான் அவர் ஜாமீனில் வெளியே வந்திருந்தார். மன்றம் அவரை நிறுத்திவிட்டது. லைசென்ஸ் கோர்ட்டில் இருந்ததால் மூன்று வருஷம் அவர் வண்டி ஓட்டவில்லை, கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார் என்று சார் எழுதினார். என்னை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. கடைசியில் வழக்கு நிற்கவில்லை என்றும் சாரே எழுதினார். அதே கடிதத்தில், பிரபஞ்சம் பற்றிய பேச்சைத் தான் விட்டுவிட்டதாகவும், இப்போதெல்லாம் சுகாதாரம் பற்றிப் பேசுவதாகவும் இருந்தது.

நான் இப்போது மீட்டர்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். முள் காட்டும் அளவை நம்பாமல் இன்னொரு அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கள்ளக்குறிச்சி போயிருந்தேன். மார்க்கெட் பக்கம் லாரிகள் நிற்கும் இடத்தில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. லைசென்ஸ் திரும்பி வந்து லாரி ஓட்டுகிறார்.

"அண்ணா" என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்ஜினியரம்மா" என்றார். இரண்டு டீ சொன்னார். "இன்னா வேலை பாக்கறீங்க?"

சொன்னேன்.

"சரியா காட்டுதான்னு பாக்கற வேலையா? நல்ல வேலை."

அதில் குத்தல் இல்லை. அவருக்குக் குத்திப் பேச வராது. அதனால்தான் தாங்க முடியவில்லை.

சொல்லவேண்டியவற்றை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஆறேழு வருஷமாக மனதில் வரிசைப்படுத்தியவை. "அன்னைக்கு நீங்க கெளம்பினத நான் பாக்கலண்ணா" என்றேன்.

"தெரியும். நான் ஜீப்ப எடுக்கறப்ப நீங்க முதுகக் காட்டிக்கினு நின்னீங்க."

"அப்புறம் ஒரு வாரத்திலேயே நர்ஸ் அக்கா சொன்னாங்க, மூணு மணிக்கு மேலதான் கெளம்பினீங்கன்னு. தெரிஞ்சும் நாப்பது நாள் சும்மா இருந்தேன்."

டீக்கிளாஸ் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"அது எனக்குத் தெரியாது" என்றார்.

சாலையில் ஒரு மாட்டு வண்டி எங்களைக் கடந்து போயிற்று. பிறகு கேட்கக்கூடாததை நான் கேட்டேன்.

"எம்மேல கோவம் இருக்குதாண்ணா?"

வேறு யாராக இருந்தாலும், "அதெல்லாம் இன்னாத்துக்கும்மா இப்ப, வுடுங்க" என்று சொல்லியிருப்பார்கள். அவர் மிச்ச டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். கிளாஸைக் கடைக்காரரிடம் கொடுத்தார். தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்குது" என்றார்.

பிறகு, பார்த்துப் போங்க என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே நடந்தேன்.